டெவலப்மென்ட் கணினியில் மெசேஜ் கியூ சர்வர்: அமைக்கும்போதே புரிந்துகொள்ள வேண்டியவை

சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, என் கணினியில் டாக்கர் கண்டெய்னர்களை (நிரல்கள் தனித்தனியாக ஓடும் அடைப்புகளை) புதிதாக எழுப்பிவிட்டு, அவற்றில் ஒன்றில் ஓடும் ராபிட்எம்கியூ என்ற மெசேஜ் கியூ சர்வரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். செய்திகள் வரிசையில் காத்திருக்கும் கியூ ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை மாலை சோதனைக்காக அனுப்பி வைத்திருந்த இருநூறு சொச்சம் செய்திகளும் இல்லை. தரவு அழியக்கூடாது என்றுதான் வால்யூம் (கண்டெய்னர் அழிந்தாலும் தங்கும் சேமிப்பிடம்) இணைத்திருந்தேன். அந்த வால்யூம் பத்திரமாக இருந்தது, அதன் அளவும் குறையவில்லை. சர்வர் மட்டும் இப்போதுதான் பிறந்தது போல வெறுமையாக நின்றது.

அரை நாள் தேடிய பிறகு காரணம் பிடிபட்டது. ராபிட்எம்கியூ தன் தரவை வைக்கும் கோப்புறைக்குத் தன் நோட் பெயரையே (ஓடும் சர்வர் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயரை) சூட்டுகிறது. அந்த நோட் பெயர், 'ராபிட்' என்ற சொல்லோடு கணினியின் நெட்வொர்க் பெயரான ஹோஸ்ட்நேமைச் சேர்த்து உருவாகிறது. டாக்கரில் நாமாக ஹோஸ்ட்நேம் எதுவும் கொடுக்காவிட்டால் கண்டெய்னரின் அடையாள எண்ணே ஹோஸ்ட்நேம் ஆகிவிடும். கண்டெய்னரை நிறுத்தி அதையே மறுபடி ஓட்டினால் எண் மாறாது. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் எண் மாறும், நோட் பெயர் மாறும், கோப்புறையின் பெயரும் மாறும். பழைய கோப்புறை அதே வால்யூமுக்குள் பக்கத்திலேயே கிடக்கும். சர்வர் அதைத் திரும்பிப் பார்க்காது. எந்தக் கண்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பில் ஹோஸ்ட்நேமுக்கு ஒரு வரி எழுதியதும் பிரச்சினை தீர்ந்தது.

மெசேஜ் கியூ சர்வர் ஒன்றை நம் கணினியில் ஓட்டுவதற்கு ஒரு கட்டளை போதும் என்பது உண்மைதான். பெரும்பாலான வழிகாட்டிகள் அந்தக் கட்டளையோடு நின்றுவிடுகின்றன. ஆனால் நம் கணினியில் நெட்வொர்க் அறுவதில்லை, செய்திகள் குவிவதில்லை, செய்திகளை எடுத்து வேலை செய்யும் கன்சியூமர் நிரல் ஒன்றே ஒன்றுதான் ஓடும். எந்தச் சங்கடங்களைச் சமாளிக்கக் கியூ கண்டுபிடிக்கப்பட்டதோ, அவை எதுவும் அங்கே தானாக நடக்காது. அதனால் லோக்கல் அமைப்பை, அந்தச் சங்கடங்களை நாமே வரவழைத்துப் பார்க்கத் தோதாக அமைக்க வேண்டும் என்பது என் எண்ணம். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கோணத்தில்தான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பயனர் ஒருவர் படம் ஒன்றை ஏற்றுகிறார். அதைப் பல அளவுகளில் சுருக்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை அவரைக் காக்க வைக்காமல், 'இந்தப் படத்தைச் சுருக்கு' என்ற செய்தியைக் கியூவில் போட்டுவிட்டு உடனே பதில் அனுப்பிவிடுகிறோம். வேறொரு நிரல் அந்தச் செய்தியை எடுத்து நிதானமாகச் சுருக்குகிறது. அனுப்புகிறவர் பப்ளிஷர், எடுக்கிறவர் கன்சியூமர். இருவரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இதுதான் கியூவின் சாரம்.

இப்படிப்பட்ட சர்வர்கள் முப்பது வருடங்களுக்கும் மேலாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் தயாரிப்பும் தனக்கென ஒரு மொழியைப் பேசியது. அதை மாற்ற, 2003-ல் ஜேபிமோர்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓ'ஹாரா தொடங்கிய முயற்சிதான் ஏஎம்கியூபி என்ற பொது நெறிமுறையாக வளர்ந்தது. அந்த நெறிமுறையைப் பேசும் திறமூல சர்வராக 2007-ல் ராபிட்எம்கியூ வந்தது. அதை எழுதப் பயன்பட்ட எர்லாங் மொழி, எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1980-களில் உருவானது. ஏராளமான இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்குவதும், ஒரு பகுதி விழுந்தால் மற்றதை இழுத்துச் செல்லாமல் இருப்பதும் அந்த மொழியின் பிறவிக் குணங்கள்.

இந்த வரலாறு நம் கணினிவரை வந்து தொடுகிறது. ராபிட்எம்கியூவை நேரடியாக நிறுவ வேண்டுமென்றால் முதலில் எர்லாங் வேண்டும். எந்தப் பதிப்பு எர்லாங்கும் சரி என்று இல்லை. ஒவ்வொரு ராபிட்எம்கியூ பதிப்புக்கும் ஏற்ற எர்லாங் பதிப்புகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. லினக்ஸ் விநியோகங்களின் களஞ்சியத்தில் கிடைப்பது பல சமயம் பழையதாக இருக்கும். இரண்டு பிராஜெக்டுகளுக்கு இரண்டு பதிப்புகள் தேவைப்பட்டால் தலைவலி இரட்டிப்பாகும். அதனால்தான் டாக்கர் வழியை முதலில் சொல்கிறேன். நிர்வாகப் பக்கமும் சேர்ந்தே வரும் 'மேனேஜ்மென்ட்' இமேஜை (கண்டெய்னரை உருவாக்கும் அச்சை) எடுத்துக்கொள்ளுங்கள். 'லேட்டஸ்ட்' என்று விட்டுவிடாமல், உண்மையான பயனர்களுக்காக ஓடும் அமைப்பான புரொடக்‌ஷனில் எந்தப் பதிப்பு ஓடுகிறதோ அதையே எழுதுங்கள். 3-ஆம் வரிசைக்கும் 4-ஆம் வரிசைக்கும் பெரிய வேறுபாடுகள் உண்டு: பழைய மிர்ரர் கியூக்கள் (பல சர்வர்களில் நகல் வைப்பவை) 4.0-ல் முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டன.

இரண்டு போர்ட்டுகள் நமக்குப் போதும். நிரல்கள் பேசுவது 5672-ல், நிர்வாகப் பக்கம் 15672-ல். இந்த இடத்தில்தான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ராபிட்எம்கியூவில் 'கெஸ்ட்' என்ற பயனர், அதே சொல்லைக் கடவுச்சொல்லாகக் கொண்டு தயாராக இருப்பார். 2014-ல் வந்த 3.3.0 பதிப்பிலிருந்து அவர் அதே கணினியிலிருந்து மட்டுமே நுழைய முடியும். ஆனால் கண்டெய்னருக்குள் ஓடும் சர்வருக்கு, நம் கணினியிலிருந்து வரும் இணைப்பே வெளியிலிருந்து வருவதாகத்தான் தெரியும். அதனால் அதிகாரப்பூர்வ டாக்கர் இமேஜில் அந்தத் தடை தளர்த்தப்பட்டிருக்கிறது. இதோடு டாக்கரின் வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்: போர்ட்டை வெறும் எண்ணாகக் கொடுத்தால் டாக்கர் அதைக் கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் திறந்துவிடும். பொது இடத்து வைஃபையில் உட்கார்ந்தால், ஃபயர்வால் எதுவும் தடுக்காத பட்சத்தில், அதே வைஃபையில் இருக்கும் யாரும் கெஸ்ட்டாக உள்ளே வரலாம். தீர்வு சுலபம். போர்ட் எண்ணுக்கு முன், நம் கணினியை மட்டும் குறிக்கும் முகவரியான 127.0.0.1 என்பதைச் சேர்த்து எழுதுங்கள். டெவலப்மென்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள். சோதனைக்காக உண்மையான பயனர்களின் தரவை நகலெடுத்து வைத்திருக்கும் கணினிகள் நிறைய இருக்கின்றன.

பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் என்விரான்மென்ட் மாறிகள் மூலம் மாற்றலாம். ஒரு நிபந்தனை உண்டு. சர்வர் காலியான தரவோடு முதன்முதலாக எழும்போது மட்டும்தான் அந்த மாறிகளைப் படித்துப் பயனரை உருவாக்கும். பிறகு கம்போஸ் கோப்பில் கடவுச்சொல்லை மாற்றி எத்தனை முறை ஓட்டினாலும் பழைய கடவுச்சொல்தான் செல்லும், ஏனென்றால் அது வால்யூமில் பதிந்துவிட்டது. வால்யூமை அழிக்கலாம், அல்லது சர்வரின் கட்டளைக் கருவியால் கடவுச்சொல்லை மாற்றலாம்.

அடுத்து, கம்போஸ் கோப்பில் உங்கள் நிரலும் ஒரு கண்டெய்னராக இருந்தால், அது 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தேடுவது தன்னையேதான். கம்போஸ் கோப்பில் ராபிட்எம்கியூவுக்குச் சூட்டிய சர்வீஸ் பெயரைக் கொடுக்க வேண்டும். இது எல்லோரும் ஒருமுறை இடறும் கல், இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது எழுந்திருக்கும் வரிசை. ராபிட்எம்கியூ முழுதாகத் தயாராகச் சில நொடிகள் ஆகும். 'டிபென்ட்ஸ் ஆன்' என்று சர்வீஸ் பெயரை மட்டும் எழுதினால், கண்டெய்னர் தொடங்கியதா என்பதைத்தான் கம்போஸ் பார்க்கும். உள்ளே சர்வர் தயாரா என்று கேட்காது. நம் நிரல் ஓடிப்போய்க் கதவைத் தட்டி, மறுப்பு வாங்கி, விழுந்துவிடும். சர்வர் தயாரா என்று சோதிக்கும் ஹெல்த்செக் ஒன்று எழுதி, அது தேறிய பிறகே நிரல் தொடங்கட்டும் என்று சொல்லலாம். சரிதான், ஆனால் நான் அதை முதலில் செய்வதில்லை. முதலில் நிரலுக்குள், இணைப்பு கிடைக்காவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும் தர்க்கத்தை எழுதுகிறேன். புரொடக்‌ஷனில் சர்வர் நடுராத்திரியில் மறுதொடக்கம் ஆகும்போது அங்கே கம்போஸ் வந்து காப்பாற்றப் போவதில்லை. ஹெல்த்செக்கை முதலிலேயே வைத்துவிட்டால் அந்தத் தர்க்கம் இல்லாத குறை லோக்கலில் தெரியாமலே போய்விடும்.

சர்வர் எழுந்தாயிற்று. முதல் செய்தியை அனுப்பும் பலருக்கு அது எங்கே போனது என்றே தெரிவதில்லை. ராபிட்எம்கியூவில் பப்ளிஷர் கியூவுக்கு நேரடியாக எழுதுவதில்லை. எக்ஸ்சேஞ்ச் என்ற ஒன்றுக்குத்தான் அனுப்புகிறார். எந்தச் செய்தி எந்தக் கியூவுக்கு என்பதைப் பைண்டிங் என்ற இணைப்பு விதிகள் தீர்மானிக்கின்றன. எந்த விதியும் பொருந்தாத செய்தியைச் சர்வர் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பிழை வராது. கியூ காலியாகவே இருக்கும். அனுப்பும்போது 'மேண்டேட்டரி' கொடியை வைத்தால், சேரிடம் இல்லாத செய்தி நம்மிடமே திரும்பி வரும். டெவலப்மென்டில் அதை எப்போதும் வைத்திருங்கள் என்பேன். பெயரில்லாத ஒரு எக்ஸ்சேஞ்சும் உண்டு; ஒவ்வொரு கியூவும் தன் பெயராலேயே அதோடு தானாக இணைந்திருக்கும். பயிற்சிப் பாடங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. 'கியூவுக்கு நேராக அனுப்புகிறோம்' என்ற தவறான எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது.

கியூவின் பண்புகளை மாற்றும்போது இன்னொரு முட்டல். ஏற்கெனவே இருக்கும் கியூவை வேறு பண்புகளோடு அறிவித்தால் சர்வர் 406 என்ற பிழையோடு சேனலை (இணைப்புக்குள் ஓடும் தனித் தடத்தை) மூடிவிடும். நிர்வாகப் பக்கத்தில் பழைய கியூவை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் லோக்கலில் வேலை முடிந்தது. ஆனால் அப்படி அழித்த கணமே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். புரொடக்‌ஷனில் அதே கியூ செய்திகளோடு நிற்கும், அங்கே அழிக்க முடியாது, மாற்றத்துக்கு வேறு வழி யோசிக்க வேண்டும்.

இப்போது அதிகம் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்: அக்னாலெட்ஜ்மென்ட், சுருக்கமாக அக். செய்தியைக் கன்சியூமரிடம் கொடுத்த பிறகும் சர்வர் அதை மறந்துவிடுவதில்லை. 'முடித்துவிட்டேன்' என்று கன்சியூமர் அக் அனுப்பும்வரை கையில் வைத்திருக்கும். அதற்குள் இணைப்பு அறுந்தால் செய்தி கியூவுக்குத் திரும்பும், வேறொருவருக்குப் போகும். ஆட்டோ அக் வைத்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். கொடுத்த நொடியே சர்வர் மறந்துவிடும். லோக்கலில் இரண்டும் ஒரே மாதிரி ஓடுவதாகத் தோன்றும், ஏனென்றால் அங்கே கன்சியூமர் நடுவில் சாவதில்லை.

அக் இருப்பதால் வரும் விளைவு ஒன்றும் உண்டு. வேலையை முடித்துவிட்டு, அக் அனுப்புவதற்கு முன் கன்சியூமர் விழுந்தால் அதே செய்தி இரண்டாம் முறை வரும். படத்தை இரண்டு முறை சுருக்கினால் நஷ்டமில்லை. ஒருவர் கணக்கில் இரண்டு முறை பணம் கழித்தால்? அதனால் ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் விளைவு ஒன்றாக இருக்கும்படி எழுத வேண்டும்.

பிழை தேடும் கருவியான டீபக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருப்பார்கள். பிரேக்பாயின்ட் போட்டு நிரலை நடுவில் நிறுத்தி, நிதானமாக மாறிகளைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தால், அக் அனுப்பும் வரியில் இணைப்பு மூடப்பட்டிருப்பதாகப் பிழை வரும். அதே செய்தி மறுபடியும் வந்து நிற்கும். சர்வரும் கிளையன்டும் ஒருவருக்கொருவர் 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஹார்ட்பீட் அனுப்பிக்கொள்கின்றன. சர்வர் சொல்லும் இயல்பான அளவு 60 நொடி. பிரேக்பாயின்டில் நிரல் உறைந்து நிற்கும்போது ஹார்ட்பீட்டும் நின்றுவிடுகிறது, எதிராளி இறந்துவிட்டதாகச் சர்வர் முடிவு கட்டுகிறது. டீபக் செய்யும்போது மட்டும் அந்த அளவைக் கூட்டிக்கொள்ளலாம். டீபக்கர் இல்லாமலே இது நடந்தால் கதை வேறு: பைத்தானின் பிக்கா போன்ற நூலகங்களில், நீண்ட வேலையை இணைப்பு ஓடும் அதே திரெட்டில் (நிரலின் செயல் இழையில்) செய்தால் ஹார்ட்பீட் அனுப்ப ஆளில்லாமல் போகும். அப்போது அளவைக் கூட்டுவது நோயை மறைப்பது. வேலையை வேறு திரெட்டுக்கு மாற்ற வேண்டும். ஹார்ட்பீட் சரியாக இருந்தாலும் 30 நிமிடத்துக்கு மேல் அக் வராவிட்டால், இயல்பான அமைப்பில் சர்வர் அந்தச் சேனலை மூடிவிடும். பிரேக்பாயின்டோடு எழுந்து போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

அப்புறம் பிரீஃபெட்ச். ஒரு கன்சியூமருக்கு ஒரே நேரத்தில் எத்தனை செய்திகளை அக் இல்லாமல் கொடுக்கலாம் என்பதன் உச்சவரம்பு இது. நாமாக வைக்காவிட்டால் வரம்பே இல்லை. கியூவில் ஆயிரம் செய்திகள் இருக்கும்போது முதலில் இணையும் கன்சியூமர் ஆயிரத்தையும் வாரிக்கொள்வார். இரண்டாவதாக வருகிறவர் சும்மா நிற்பார். 'கன்சியூமரைக் கூட்டினேன், வேகம் கூடவில்லை' என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இதுதான் இருக்கிறது. லோக்கலிலும் எப்போதும் இரண்டு கன்சியூமர்களை ஓட்டுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு செய்தியே பழுதாக இருந்தால் என்ன ஆகும்? அதைக் கையாளும் ஒவ்வொரு முறையும் நிரல் பிழை தருகிறது, நாம் 'மறுபடி கியூவில் போடு' என்று மறுக்கிறோம், சர்வர் உடனே திருப்பித் தருகிறது. நொடிக்குப் பல நூறு முறை இந்தச் சுழல் ஓடி, கணினியின் விசிறி இரைச்சலிட்ட பிறகுதான் நாம் கவனிப்போம். இதற்கு டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் என்ற வழி இருக்கிறது. கைவிடப்பட்ட செய்திகள் தனிக் கியூவில் ஒதுங்கும், பிறகு பொறுமையாகப் பார்க்கலாம். குவோரம் கியூக்களில் (பல சர்வர்களில் நகல் வைக்கும் புதிய வகை) 4.0 முதல் இயல்பாகவே 20 என்ற மறுவிநியோக வரம்பு இருக்கிறது. டெட் லெட்டர் அமைக்காமல் விட்டால், அந்த வரம்பைத் தாண்டிய செய்தி அழிந்துபோகும். பழுதான செய்தி ஒன்றை வேண்டுமென்றே அனுப்பி அது எங்கே போய்ச் சேருகிறது என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

பப்ளிஷர் பிழையே இல்லாமல் அப்படியே நின்றுவிட்டால் டிஸ்க்கைப் பாருங்கள். மீதமுள்ள இடம் 50 எம்பிக்குக் கீழே போனால் இயல்பான அமைப்பில் சர்வர் அபாய அறிவிப்பு செய்து, செய்தி அனுப்பும் இணைப்புகளை எல்லாம் தடுத்து நிறுத்திவிடும். நினைவகம் வரம்பை மீறினாலும் அப்படியே. டாக்கர் டெஸ்க்டாப்பின் மெய்நிகர் டிஸ்க், பழைய இமேஜ்களால் நிரம்பிவிடுவது டெவலப்மென்ட் கணினிகளில் சகஜம்.

புரொடக்‌ஷனில் வேறு சர்வர் இருந்தால் லோக்கலிலும் அதையே ஓட்டுங்கள். காஃப்கா என்றால், அதில் செய்தி எடுத்ததும் மறைவதில்லை. ஏடு போல எழுதப்பட்டே இருக்கும், எதுவரை படித்தோம் என்பதைத்தான் படிக்கிறவர் குறித்துக்கொள்கிறார். 2025-ல் வந்த 4.0 பதிப்பில் ஜூகீப்பர் என்ற துணை சர்வரின் தேவை அறவே நீங்கியதால் லோக்கலில் ஒற்றைக் கண்டெய்னர் போதும். ஆனால் அதில் ஒரு பிரபலமான பொறி உண்டு: முதல் இணைப்பில் காஃப்கா, 'இனி இந்த முகவரிக்கு வா' என்று ஒரு முகவரியைத் திருப்பித் தரும். அது கண்டெய்னருக்குள் மட்டும் புரியும் பெயராக இருந்தால், வெளியே ஓடும் நம் நிரல் முதலில் இணைந்து, அடுத்த நொடி தொலைந்துபோகும். அட்வர்டைஸ்டு லிசனர்ஸ் என்ற அமைப்பில் உள்ளேயும் வெளியேயும் தனித்தனி முகவரி கொடுக்க வேண்டும். அமேசானின் கியூ சேவையான எஸ்கியூஎஸ் என்றால், லோக்கலில் அதைப் போலவே நடந்துகொள்ளும் லோக்கல்ஸ்டாக் அல்லது எலாஸ்டிக்எம்கியூ உதவும். நாட்ஸ் என்ற சர்வர் ஒற்றை நிரல் கோப்பு, இறக்கி ஓட்டினால் 4222 போர்ட்டில் தயார்.

லேசாக இருக்கிறதே என்று, ராபிட்எம்கியூவுக்குப் பதிலாக லோக்கலில் மட்டும் ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கின் லிஸ்ட்டை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். லிஸ்ட்டிலிருந்து சாதாரணமாக எடுத்த கணமே செய்தி அங்கே இல்லை. எடுத்தவர் இறந்தால் அதுவும் சேர்ந்தே போகும். மேலே அக் பற்றிச் சொன்ன எதையும் அங்கே சோதித்துப் பார்க்க முடியாது.

புதிய பிராஜெக்டில் சேர்ந்தால் நான் முதலில் செய்யும் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு செய்திக்கும் பத்து நொடி தூங்கும்படி கன்சியூமரை மாற்றி, பிரீஃபெட்ச் 1 என்று வைத்து, அந்த ஒரு கன்சியூமரை மட்டும் ஓட்டி, ஐந்து செய்திகளை அனுப்புவேன். நிர்வாகப் பக்கத்தில் 'ரெடி' (கொடுக்கக் காத்திருப்பவை), 'அன்அக்ட்' (கொடுத்தும் அக் வராதவை) என்ற இரண்டு எண்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மூன்றாவது செய்தி ஓடும்போது ரெடி 2, அன்அக்ட் 1 என்று இருக்கும். அந்த நொடியில் கன்சியூமரைக் கொல்வேன். ரெடி 3 ஆக வேண்டும். ஆட்டோ அக் எங்கோ ஒளிந்திருந்தால் இரண்டு எண்களும் முதலிலிருந்தே பூச்சியமாக நிற்கும், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது செய்திகள் திரும்ப வராது.

மூன்றும் திரும்பி வந்திருந்தால், கன்சியூமரை எழுப்பாமல் சர்வர் கண்டெய்னரை அழித்துப் புதிதாக உருவாக்குவேன். கியூவே காணோம் என்றால் ஒன்று ஹோஸ்ட்நேம் அல்லது வால்யூம் பிரச்சினை, இல்லையென்றால் கியூ டியூரபிள் (சர்வர் மறுதொடக்கத்தைத் தாங்குவது) இல்லை. கியூ இருந்து செய்திகள் மட்டும் காணோம் என்றால் அவை பெர்சிஸ்டென்ட் ஆக (டிஸ்க்கில் பதியும்படி) அனுப்பப்படவில்லை. குவோரம் அல்லாத சாதாரண வகையான கிளாசிக் கியூவில் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். ரெடி மறுபடி 3 என்று காட்டினால், கன்சியூமரை எழுப்பி, முதலில் வரும் செய்தியில் 'ரீடெலிவர்டு' (மறுபடி கொடுக்கப்பட்டது) என்ற கொடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்ற வேலைகளைத் தொடங்குவேன்.